நட்சத்திரம் ஒன்று போதும் என்றார்கள்

கேமரூனின் பழைய கொடியில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. பச்சைப் பட்டையின் மேல்பாதியில், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கிழக்குக்கு, மற்றது பிரிட்டிஷார் ஆண்ட மேற்குக்கு. 1961 பிப்ரவரியில் ஐ.நா. மேற்பார்வையில் பிரிட்டிஷ் பகுதி மக்களிடம் கேட்டார்கள்: நைஜீரியாவோடு சேர்கிறீர்களா, கேமரூனோடு சேர்கிறீர்களா? தனிநாடு என்ற மூன்றாவது வழி அவர்கள் முன் வைக்கப்படவே இல்லை. தென்பகுதியார் கேமரூன் என்றார்கள். அக்டோபர் 1 அன்று கூட்டாட்சி பிறந்தது. கூட்டாட்சியின் ஒருமைக்கு ஊறு செய்யும் எந்தத் திருத்தமும் செல்லாது என்று அதன் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு சொன்னது.

1972 மே 20 அன்று அதிபர் அகமது அஹிஜோ ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். கூட்டாட்சி வேண்டாம், ஒரே அரசு போதும் என்பதற்கு 99.99 சதவீதம் பேர் ஆம் என்றதாக அறிவிப்பு. 47-ஆவது பிரிவு காகிதத்தில் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் கொடியில் ஒரு நட்சத்திரம் போயிற்று. 1984-ல் அடுத்த அதிபர் பால் பியா நாட்டின் பெயரையும் 'கேமரூன் குடியரசு' என்று மாற்றினார். 1960-ல் பிரெஞ்சுப் பகுதி மட்டும் விடுதலை பெற்றபோது வைத்துக்கொண்ட பெயர் அது. மேற்கே இருந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மே 20 இன்றும் அங்கே தேசிய நாள். விடுதலை பெற்ற நாள் அல்ல, கூட்டாட்சியைக் கலைத்த நாள்.

*

2016 இறுதியில், அதே மேற்குப் பகுதியின் பமெண்டாவிலும் புவேயாவிலும் வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு தெருவுக்கு வந்தார்கள். ஆங்கிலச் சட்டமரபுப்படி நடக்கும் தங்கள் நீதிமன்றங்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம் படித்த நீதிபதிகளை அனுப்பாதீர்கள் என்பதே கோரிக்கை. அடுத்து ஆசிரியர்கள். பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம். கிடைத்தது தடியடி, கைது, 2017 ஜனவரியில் தொடங்கி 93 நாள் இணைய முடக்கம். அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு பிரிவினர் 'அம்பசோனியா' என்று தனிநாடே அறிவித்துவிட்டார்கள். அதையொட்டி மூண்ட போரில் இரு தரப்பும் ஊர்களை எரித்தன. பள்ளிக்கூடங்களைப் பூட்டச் சொன்னது பிரிவினைத் தரப்பு என்பதையும் எழுதி வைக்கிறேன். அவர்களைத் தியாகிகளாக்கும் எண்ணம் எனக்கில்லை.

வழக்கறிஞர்கள் கேட்டது 47-ஆவது பிரிவு காத்துத் தந்திருக்க வேண்டிய ஒன்றைத்தான். ஒற்றுமைக்காக என்று சொல்லிக் கூட்டாட்சியைக் கலைத்திருக்காவிட்டால் பிரிவினைக் கோரிக்கை இந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா?

பியா 1982 முதல் அதிபர். 2025 அக்டோபரில், 92 வயதில், எட்டாவது முறையாக வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

*

விடுதலைத் தலைமுறைத் தலைவர்களுக்கு இருந்த, நாடு சிதறிவிடும் என்ற பயம் பொய்யில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் ஆப்பிரிக்காவின் ஒருகட்சி ஆட்சிகளைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

காங்கோ 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றது. பதினோராம் நாள் கட்டங்கா பிரிந்துகொண்டது. செம்புச் சுரங்கங்கள் அங்கே. பெல்ஜியக் கம்பெனியின் பணமும் படையினரும் பின்னால். ஆகஸ்டில் வைரம் கிடைக்கும் தென் கசாய். அடுத்த ஜனவரியில் பிரதமர் லுமும்பா கட்டங்காவில் வைத்துக் கொல்லப்பட்டார். அக்ராவிலும் டார் எஸ் சலாமிலும் கொனாக்ரியிலும் இருந்த தலைவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லைக்கோடுகளை ஐரோப்பியர்கள் தங்கள் வசதிக்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலையின்போது இருந்த எல்லைகளைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தது. சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் ஏற்கவில்லை. ஒரு கோட்டை அழித்தால் எல்லாக் கோடுகளும் அழியும் என்ற கணக்கு.

பயம் உண்மையானது. ஆனால் அதைக் காட்டி யார் சிறைக்குப் போனார்கள் என்று பட்டியலைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது.

*

கானா. விடுதலை 1957 மார்ச் 6. அதற்கு மூன்றாண்டு முன்பே குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் என்று ஒன்று எழுந்திருந்தது. பெயர்தான் பெரிது, அடியில் இருந்தது கொக்கோ விலை. உலகச் சந்தையில் கொக்கோ ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பிரதமர் என்குருமாவின் அரசு விவசாயிக்குக் கொடுக்கும் விலையைக் கட்டிப்போட்டது; மிச்சப்பணம் நாட்டு வளர்ச்சிக்கு என்றது. கொக்கோ விளைவது பெரும்பாலும் அசாந்தேப் பகுதியில். விவசாயிகளின் கோபமும் அரசவையின் பெருமிதமும் சேர்ந்து கூட்டாட்சிக் கோரிக்கையாயின. இதைப் பழங்குடிப் பிரிவினைவாதம் என்று ஒரே சொல்லில் முடித்தார்கள். விலையைப் பற்றிப் பேசியிருந்தால் பாதி இயக்கம் கரைந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1957-ல் இனம், வட்டாரம், மதம் சார்ந்த கட்சிகளுக்குத் தடை. எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து 'ஐக்கியக் கட்சி' ஆகிவிட்டன! தடையின் விளைவாகவே நாடு முழுதும் பரவிய ஒரு எதிர்க்கட்சி உருவாயிற்று. ஒற்றுமைதான் நோக்கம் என்றால் அரசு அன்று கொண்டாடியிருக்க வேண்டும். 1958-ல் தடுப்புக் காவல் சட்டம் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமல் ஐந்தாண்டு வரை உள்ளே வைக்கலாம்.

(நாம் சிரிக்க வேண்டாம். இந்தியா 1950-லேயே இத்தகைய சட்டம் போட்டுவிட்டது. சென்னை மாகாணச் சிறையிலிருந்து ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது அந்தச் சட்டத்தின்கீழ்தான்.)

அசாந்தே மன்னரின் முதன்மைப் பேச்சாளரும் இயக்கத்தைத் தொடங்கியவருமான பஃபுவர் ஒசெய் அகோட்டோ பிடிக்கப்பட்டார். அவருக்காக வாதாடியவர் ஜே. பி. டான்குவா. 1960-ல் என்குருமாவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்று தோற்ற அதே டான்குவா. பதவியேற்கும்போது அதிபர் குடிமக்களின் உரிமைகளைக் காப்பதாக உறுதி சொல்கிறாரே, இந்தச் சட்டம் அதை மீறவில்லையா என்று கேட்டார். 1961-ல் தலைமை நீதிபதி ஆர்க்கு கோர்சாவின் அமர்வு சொன்ன பதில்: அந்த உறுதிமொழி ஒரு தார்மீகக் கடப்பாடு, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் சட்டம் அல்ல.

அதே ஆண்டு டான்குவாவே உள்ளே போனார். வெளியே வந்தார். 1964-ல் மறுபடியும். 1965 பிப்ரவரியில் ந்சவாம் சிறையில் இறந்தார். நீதிபதி கோர்சா என்ன ஆனார்? அதிபரைக் கொல்ல முயன்ற வழக்கொன்றில் சிலரை 1963 டிசம்பரில் விடுதலை செய்தார். சில நாளில் பதவி பறிபோனது. அரசை எதிர்த்த வழக்கறிஞர் சிறை போனதற்கும் அரசுக்கு வழிவிட்ட நீதிபதி பதவி இழந்ததற்கும் இடையில் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல்தான் இடைவெளி.

1964-ல் ஒருகட்சி வாக்கெடுப்பு. ஆதரவு 99.91 சதவீதம். 1966 பிப்ரவரியில் என்குருமா ஹனோய்க்குப் போகும் வழியில் பீஜிங்கில் இருந்தபோது ராணுவமும் காவல்துறையும் ஆட்சியைப் பிடித்தன. அந்த 99.91 சதவீத மக்கள் தடுக்க வரவில்லை, அக்ராவில் ஆடினார்கள்.

*

ஆர்தர் லூயிஸ். செயின்ட் லூசியாத் தீவில் பிறந்த கறுப்பினப் பொருளியலாளர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். 1957-58-ல் என்குருமாவுக்கு ஆலோசகராக இருந்து, ஒத்துவராமல் கிளம்பினார். 1965-ல் மேற்கு ஆப்பிரிக்க அரசியல் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பல இனக்குழுக்கள் வாழும் நாட்டில் ஒருகட்சி ஆட்சி ஒற்றுமையைத் தராது; வேண்டியது கூட்டணி அமைச்சரவை, விகிதாசாரத் தேர்தல், கூட்டாட்சி என்பது அவர் வாதம். தோற்றவன் எல்லாவற்றையும் இழக்கும் பிரிட்டிஷ் முறையும் அங்கே பொருந்தாது என்றார். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்ட மனிதர். ஆப்பிரிக்காவை அறியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது, வெள்ளைக்காரர் என்றும் தள்ளிவிட முடியாது. அதனால் படிக்காமல் விட்டுவிட்டார்கள் போலும்.

*

கென்யா. பின்னாளில் அதிபரான கென்யாட்டா வெள்ளையர் சிறையில் இருந்த 1958-ல், அவர் பெயரைச் சொல்லவே அஞ்சிய சட்டசபையில் எழுந்து அவரே எங்கள் தலைவர் என்று பேசியவர் ஒகிங்கா ஒடிங்கா. 1969-ல் அந்த ஒடிங்காவை விசாரணையில்லாமல் சிறையில் வைத்தது கென்யாட்டாவின் அரசு. அவருடைய கட்சியைத் தடைசெய்தது. இனவாதம் என்று குற்றச்சாட்டு. அதே ஆண்டு கட்டுண்டுவில், அதிபரின் சொந்த ஊரில், கிக்குயு மக்களை லாரிகளில் அழைத்து வந்து ஆட்சி நம் கையைவிட்டுப் போகக்கூடாது என்று ரகசியச் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த டேனியல் மோயின் முழக்கம் அமைதி, அன்பு, ஒற்றுமை. 1982-ல் அரசியலமைப்பிலேயே ஒரே கட்சி என்று எழுதினார். 1988-ல் ரகசிய வாக்குச்சீட்டும் இல்லை. கட்சியின் வேட்பாளர் தேர்வில் யாருக்கு ஆதரவோ அவர் படத்துக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். குறைந்த வரிசைக்காரர் வென்றதாக அறிவித்த ஊர்களும் உண்டு. 1991 டிசம்பரில், உதவி தரும் நாடுகள் பணத்தை நிறுத்திய பிறகு, பல கட்சிகளுக்கு இணங்கினார். பல கட்சி வந்தால் இனக்கலவரம் வரும் என்று முன்பே எச்சரித்திருந்தார். வந்தது. அதே ஆண்டு ரிஃப்ட் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிந்தன. நாடாளுமன்றக் குழு 1992-லும், நீதிபதி அகிவுமி விசாரணைக் குழு 1999-லும் விசாரித்ததில் ஆளும்கட்சிப் பெருந்தலைகளின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. எச்சரித்தவர்களின் கட்சிக்காரர்களே தீவைத்தவர்களாகவும் இருந்தால் அந்த எச்சரிக்கையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

*

மேலே சொன்ன காங்கோதான் பின்னாளில் ஜயர். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதிபர் மொபுட்டு, சிறுத்தைத்தோல் தொப்பி, பிறக்கும் குழந்தைகூடக் கட்சி உறுப்பினர், கிறிஸ்தவப் பெயர்களுக்குத் தடை, தொலைக்காட்சிச் செய்தி தொடங்கும்போது மேகத்திலிருந்து இறங்கிவரும் அவர் முகம். எல்லோரும் ஒரே ஜயர்க்காரர்கள். மெய்க்காவல் படை மட்டும் பெரிதும் அவர் சொந்த ங்பாண்டி இனம். 1990-ல் கண்ணீரோடு ஒருகட்சியைக் கைவிட்டார். பிறகு நூற்றுக்கணக்கில் கட்சிகள் முளைத்தன, பலவற்றுக்குப் பணம் கொடுத்ததே அவர்தான்.

*

சோமாலியாவை ஒற்றுமை பேசுகிறவர்கள் யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. ஏன் என்று புரிகிறது. ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம். ஆப்பிரிக்காவில் இப்படி அமைந்த நாடு அரிது. சியாட் பரே 1969-ல் ராணுவ ஆட்சி அமைத்து, குலப்பற்றின் கொடும்பாவியை எரித்து, குலம் சார்ந்த ரத்தப்பணத்தைத் தடைசெய்தார். 1972-ல் சோமாலி மொழிக்கு எழுத்து கொடுத்தார். படித்த இளைஞர்களை மேய்ச்சல் நிலங்களுக்கு அனுப்பி எழுத்தறிவு புகட்டினார். அது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. கூடவே தந்தைவழிக் குலம், தாய்வழிக் குலம், மருமகனின் குலம் என்று மூன்றை வைத்து ஆட்சியைப் பூட்டிக்கொண்டார். 1988-ல் வடக்கே கிளர்ந்த ஹர்கெய்சா நகரத்தின்மேல் அந்நகரத்து விமானநிலையத்திலிருந்தே விமானங்கள் கிளம்பிப்போய்க் குண்டு போட்டன. 1991-ல் அரசே இல்லாமல் போயிற்று.

ஆக, மொழியும் மதமும் வேறுபடுவதால் சர்வாதிகாரம் தேவைப்பட்டது என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

*

நைஜீரியாவில் சட்டம் போட்டு ஒற்றுமை கொண்டுவரப் பார்த்த கதை. 1966 ஜனவரி ராணுவப் புரட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஜெனரல் இரோன்சி, மே 24 அன்று 34-ஆவது ஆணையை வெளியிட்டார்: மாகாணங்கள் ஒழிந்தன, கூட்டாட்சி ஒழிந்தது, அரசுப் பணி ஒன்றே. நல்லெண்ணத்தில் செய்தார் என்றே நம்புகிறேன். ஆனால் அவர் இக்போ. படித்த இக்போக்கள் எல்லா வேலைகளையும் அள்ளிக்கொள்வார்கள் என்று வடக்கு பயந்தது. சில நாள்களில் வடக்கு நகரங்களில் இக்போக்கள் வெட்டப்பட்டார்கள். ஜூலையில் இரோன்சி இபாடனில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கோவோன் ஆணையைத் திரும்பப் பெற்றார். செப்டம்பரில் இன்னும் பெரிய படுகொலை; அடுத்த மே மாதம் கிழக்கில் பியாஃப்ரா என்ற தனிநாட்டு அறிவிப்பு; முப்பது மாதப் போர், பட்டினி.

கோவோன் பியாஃப்ரா அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாக உடைத்தார். பெரிய வடக்கும் உடைந்தது, இக்போக்களின் கிழக்கும் உடைந்தது. இடையில் நசுங்கியிருந்த சிறு இனங்களுக்கு வாசல் திறந்தது. நாடு இன்றுவரை ஒன்றாக நிற்பதற்கு ராணுவத்தைவிட இந்த உடைப்பே பெரிய காரணம் என்பேன்.

*

நைஜீரியாவே கண்டுபிடித்த இன்னொன்று: 1979 அரசியலமைப்பு. அதிபராக வேண்டுமானால் அதிக வாக்கு மட்டும் போதாது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் நான்கில் ஒரு பங்கு வாக்காவது வேண்டும். சொந்த இனத்தை மட்டும் நம்பி ஜெயிக்க முடியாது. அப்போது மாநிலங்கள் 19. மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? முதலிடம் பெற்ற வேட்பாளர் ஷகாரிக்கு 12 மாநிலங்களில் கால்பங்கு கிடைத்துவிட்டது. பதின்மூன்றாவதான கானோவில் சுமார் 20 சதவீதம். பதின்மூன்று அல்ல, பன்னிரண்டும் மூன்றில் இரண்டும்தான் வேண்டும், கானோவில் மூன்றில் இரண்டு பங்கு மக்களைக் கணக்கில் எடுத்தால் போதும் என்று அவர் வழக்கறிஞர் ரிச்சர்ட் அகின்ஜிதே வாதிட்டார். தோற்ற அவொலோவோ உச்ச நீதிமன்றம் போனார், அங்கும் தோற்றார். நாடே பின்னக் கணக்குப் போட்டது.

கேலிக்கூத்துதான். ஆனால் டான்குவாவின் சிறையையும் கட்டங்காவின் சுரங்கத்தையும் பார்த்துவிட்டு வந்தால், ஒரு வடநாட்டு வேட்பாளர் தெற்கே போய்க் கெஞ்சி வாக்குக் கேட்க வேண்டியிருக்கும் ஒரு விதி மேலான பொருளாகத் தெரிகிறது. நான்கே ஆண்டில் ராணுவம் திரும்பியது. விதி பிழைத்தது, இன்றும் இருக்கிறது. கென்யா தன் 2010 அரசியலமைப்பில் இதுபோன்ற ஒன்றை எடுத்துக்கொண்டது: 47 மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கால்பங்கு வாக்காவது வேண்டும்.

*

ருவாண்டாவைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 1994-ல் சாலைத்தடுப்புகளில் அடையாள அட்டையில் இனம் பார்த்துக் கொன்றார்கள். அந்த அட்டையிலிருந்து இனத்தை எடுத்தது சரி, அதில் தயக்கமில்லை. ஆனால் 'பிளவுவாதம்' என்ற குற்றத்துக்கு அரசை விமர்சிக்கிறவர்களும் உள்ளே போகிறார்கள். 2024-ல் அதிபர் ககாமேக்கு 99 சதவீதம் வாக்கு. இனப்படுகொலைக்கு முன்புவரை ஆண்ட ஹப்யாரிமானாவும் 1975-ல் ஒரே கட்சி அமைத்து எல்லாக் குடிமக்களையும் பிறப்பிலேயே உறுப்பினராக்கி ஒற்றுமைதான் பேசினார். அட்டையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார். ஒரு இனப்படுகொலை நடந்த மண்ணில் என்ன செய்திருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அதனால் இதை இங்கேயே விடுகிறேன்.

*

இனி தான்சானியா. ஒற்றுமைக்காக ஒருகட்சி என்ற வாதத்துக்கு யாராவது நேர்மையான சாட்சி என்றால் அவர் அந்நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரேதான்.

அவருக்கு வாய்த்தவையும் சில. 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். மிகப் பெரிய சுகுமா கூட மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. நியரேரே சிறு இனமான சனாகியில் பிறந்தவர். சுவாஹிலி எந்தப் பெரிய இனத்துக்கும் சொந்தமில்லாத கடற்கரை மொழி. ஜெர்மானியர் காலத்திலேயே உள்நாடு வரை நிர்வாகத்தில் பரவியிருந்தது. வாய்த்ததை வீணாக்காதது அவர் திறமை. தொடக்கப்பள்ளி முழுதும் சுவாஹிலி, நாடாளுமன்றமும் சுவாஹிலி. அவரே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை மொழிபெயர்த்தார். அரசு ஊழியர்களையும் உயர்பள்ளி மாணவர்களையும் வேறு வேறு வட்டாரங்களுக்கு அனுப்பினார். வேலையும் பள்ளியும் சாலையும் ஒரு இனத்துக்கே போகாமல் பார்த்துக்கொண்டார். கென்யாவின் புசியா மாவட்டத்தையும் தான்சானியாவின் மெயாட்டுவையும் ஒப்பிட்டு எட்வர்டு மிகேல் என்ற பொருளியலாளர் 2004-ல் எழுதினார்: கென்யாவில் பல இனம் கலந்து வாழும் இடங்களில் பள்ளிக்கு ஊரார் தரும் பணம் குறைகிறது; தான்சானியாவில் அப்படிக் குறையவில்லை.

1965 முதல் ஒரே கட்சி. ஆனால் தொகுதிக்கு இரண்டு வேட்பாளர், இருவரும் அதே கட்சி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக மண்வெட்டி, வீடு என்று இரண்டு சின்னம். முதல் தேர்தலிலேயே நிதியமைச்சர் பால் போமானி தோற்றார். என்குருமாவின் கானாவில் இது நடக்காது.

இதோடு நிறுத்தினால் பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும். 1962-லேயே தடுப்புக் காவல் சட்டம் அங்கும் வந்தது. ஒருகாலத் தோழர் அப்துல்ரஹ்மான் பாபு 1972 முதல் ஆறாண்டு சிறையில். 1973-க்குப் பின் லட்சக்கணக்கான குடும்பங்கள் புதுக் கிராமங்களுக்குக் கட்டாயமாக நகர்த்தப்பட்டன. போகாதவர்களின் வீடுகளுக்குத் தீ வைத்த இடங்களும் உண்டு. சான்சிபாருடன் 1964-ல் செய்த இணைப்பின் காயம் ஆறவேயில்லை; 2001 ஜனவரியில் பெம்பாத் தீவில் ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். மொழியும் பள்ளியும் சமப் பங்கீடும் செய்த வேலையை ஒருகட்சியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகம். சிறையைக் கழித்துவிட்டாலும் சுவாஹிலி அங்கே இருந்திருக்கும்.

1991-ல் தலைமை நீதிபதி ஃபிரான்சிஸ் நியலாலி தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் போய்க் கேட்டது. சுமார் 80 சதவீதம் பேர் ஒருகட்சியே இருக்கட்டும் என்றார்கள். குழு பல கட்சி முறையைப் பரிந்துரைத்தது. உரிமைகளைப் பறிக்கும் 40 சட்டங்களைப் பட்டியலிட்டு நீக்கச் சொன்னது. மாற்றுக் கருத்துள்ள ஐந்தில் ஒருவருக்கு அமைப்பில் இடம் வேண்டும் என்பது அதன் நியாயம். ஆப்பிரிக்க அரசியலில் நான் அறிந்த மிக விநோதமான, மிக நல்ல அறிக்கைகளில் ஒன்று. 1992-ல் கட்சிகள் வந்தன. அந்த 40 சட்டங்களில் பல அப்படியே இருந்தன.

2025 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் டுண்டு லிஸ்ஸு மீது தேசத்துரோக வழக்கு. தேர்தல் முறையைத் திருத்தாமல் தேர்தல் வேண்டாம் என்று பேசியவர். அவர் கட்சி போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. அக்டோபர் 29 அன்று தேர்தல். அதிபர் சாமியா சுலுஹு ஹசனுக்குச் சுமார் 98 சதவீதம் என்றார்கள். டார் எஸ் சலாமில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊரடங்கு, இணைய முடக்கம், துப்பாக்கிச் சூடு, பல உயிர்கள். அந்த இளைஞர்களை எந்த இனக்குழுவின் பெயராலும் குறிக்க முடியவில்லை. நியரேரே செய்த வேலை அந்த அளவுக்குப் பலித்திருந்தது. பதவியேற்பு விழாவில் அதிபர் வேறொரு காரணம் சொன்னார்: பிடிபட்டவர்களில் சிலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாம்.